பிரஷர் கூடியிருக்கிறது, "ஸ்ட்ரெஸ்ஸைக் குறையுங்கள்" என்கிறார் டொக்டர். மைண்ட்ஃபுல்னஸ் உண்மையில் உதவுமா?

வெளிச்சவீடு (சாம்பல்தீவு)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 38 வயது. திருகோணமலை டவுனில் ஒரு நிதி நிறுவனத்தில் கவுண்டர் வேலை. பின்னேரமானால் தவணை பிந்தியவர்களுக்குக் கோல் எடுக்கிற வேலையும் என் தலையில்தான். கணவர் கட்டாரில். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் சீனி வருத்தம் உள்ள அம்மாவும்.

தலையிடிக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் பிரஷர் பார்த்தார்கள். 148/94. டொக்டர் மாத்திரை எழுதவில்லை. உப்பைக் குறையுங்கள், நடவுங்கள், ஸ்ட்ரெஸ்ஸைக் குறையுங்கள், ஒரு மாதத்தில் திரும்ப வாங்க என்றார். முதல் இரண்டும் விளங்குகிறது. மூன்றாவதை எந்தக் கடையில் வாங்குவது?

கூட வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி என் போனில் மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்தக் கணத்தில் கவனத்தை வைக்கிற பயிற்சிக்கான ஆப் ஒன்றைப் போட்டுத் தந்தாள். அதில் ஒரு குரல் மூச்சைக் கவனிக்கச் சொல்கிறது. மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால், நாளைக்கு யார் யாருக்குக் கோல் எடுக்க வேண்டும் என்ற லிஸ்ட்தான் வரிசையாக வருகிறது. இது உடம்புக்கு உண்மையிலேயே ஏதும் செய்யுமா, இல்லை வசதியானவர்களின் பொழுதுபோக்கா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


இரவு_டியூட்டி

தங்கச்சி, நான் தாதி. முதலில் அந்த 148/94ஐப் பற்றிக் கதைப்போம். எப்படிப் பார்த்தார்கள்? வெயிலில் வந்து, வரிசையில் நின்று, கதிரையில் இருந்த கையோடு பட்டியைச் சுற்றியிருந்தால் அந்த எண்ணை அப்படியே எடுக்க ஏலாது. ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் நிலத்தில் பட, கதைக்காமல் இருந்த பிறகு, கை நெஞ்சு மட்டத்தில் இருக்கத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முந்தின அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணி, கோப்பி கூடாது. வெள்ளைக் கோட்டைக் கண்டாலே ஏறுகிற பிரஷரும் இருக்கிறது. ஒரே தடவை பார்த்ததை வைத்து மாத்திரை எழுதாமல் விட்டது சரிதான். ஆனால் சொன்ன திகதிக்குத் திரும்பப் போங்க.

அடுத்தது கருவாடு. சிரிக்காதீங்க. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. எல்லாச் சாப்பாட்டையும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பகல் சோற்றோடு ஒரு துண்டுக் கட்டாக் கருவாடும் கொஞ்சம் ஊறுகாயும் வைத்தால் அன்றைய கணக்கில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். விடிய எழும்பி மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு, பகலில் கருவாட்டை ஒரு பிடி பிடிக்கிறவர்களை நான் கனபேர் கண்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்வி. ஒருவர் கவுண்டரில் நின்று கத்தினால் உடம்பு அதைச் சண்டையாகத்தான் எடுக்கும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், இரத்தக்குழாய் இறுகும். கொஞ்சம் பிந்தி கோர்டிசோல் என்ற ஹோர்மோனும் ஏறும், இரத்தத்தில் சீனியும் ஏறும். ஆபத்து விலகியதும் எல்லாம் தானாக இறங்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. நமக்கு என்ன நடக்கிறதென்றால், இறங்குவதற்குள் அடுத்த கோல் வந்துவிடுகிறது. மூச்சை நீளமாக வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு சற்று மெதுவாகும். இது ஈசிஜியிலேயே தெரிகிற விஷயம், நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் ஒன்றுதான். அதற்காக அது பிரஷர் மாத்திரை ஆகாது. அமெரிக்க இதயச் சங்கம் 2017ல் விட்ட அறிக்கையும் வழமையான சிகிச்சையோடு சேர்த்துத் தியானத்தையும் செய்து பார்க்கலாம் என்ற அளவில்தான் நின்றது.


கரைவலை (உப்புவெளி)

நான் எதிர்ப்பக்கம்.

எங்கள் ஒபிஸில் இதற்கென்றே ஒரு பயிற்சிப்பட்டறை வைத்தார்கள். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல், சனிக்கிழமை, அதாவது எங்கள் லீவு நாள். ஐந்து பேர் செய்த வேலையை இப்போது மூன்று பேர் செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வந்தவர் ஆளுக்கொரு முந்திரிகை வற்றலைத் தந்து, பார், மணந்து பார், நாக்கில் வை, கடிக்காதே என்றார். நானும் பார்த்தேன். மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, ஒரு நுனியில் காம்பு இருந்த தழும்போடு, நல்ல முந்திரிகை வற்றல்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடைசியில் மனேஜர் எழும்பி, "இனி ஸ்ட்ரெஸ் என்று ஒருத்தரும் என்னட்ட வரப்படாது" என்றார்.

ஆளைக் குறைத்தவர்கள் மூச்சு விடச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு இதில் உள்ள கோபம் அதுதான்.

என் அப்பா கரைவலை இழுத்தவர். அம்பாப் பாட்டுக்குக் காலை மாற்றி மாற்றி மணலில் ஊன்றி, உள்ளங்கை சுடச் சுடக் கயிறு பிடிக்கும்போது வேறு யோசனை வராது என்பார். அவருக்கு யாரும் கவனம் படிப்பிக்கவில்லை. அப்படியிருந்தும் பிரஷர் இருந்தது, ஏனென்றால் வலைக் கடனும் இருந்தது. வெளிச்சவீடு அக்கா, நீங்கள் கோல் எடுக்கிற அந்த மறுமுனையில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லிப் பாருங்கள். மூச்சை எண்ணினால் தவணை குறையுமா?


நிர்வாகி

"ஒரே வாரத்தில் பிரஷருக்கு விடை" என்று மேலே ஒருவர் போட்ட பவுடர் விளம்பரத்தை நீக்கியிருக்கிறோம். இலக்கத்தைக் குறித்து வைத்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.


ஓர்ஸ்ஹில்_வாத்தி

கரைவலைத் தம்பி, அந்த வற்றல் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அந்த வற்றல் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1979ல் ஜோன் கபட்-சின் என்பவர் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஒரு வகுப்புத் தொடங்கினார். மனுசன் படித்தது மூலக்கூற்று உயிரியல். வகுப்புக்கு வந்தவர்கள் வேலையில் சோர்ந்த ஒபிஸ்காரர்கள் இல்லை, நாட்பட்ட வலியோடு இருந்த நோயாளிகள். இதற்குமேல் செய்ய எதுவும் இல்லை என்று டொக்டர்மார் கைவிரித்த ஆட்களும் அதில் இருந்தார்கள். எட்டு வாரம், வாரம் ஒருமுறை இரண்டரை மணித்தியாலம் அளவில் வகுப்பு, நடுவில் ஒரு முழு நாள், வீட்டில் தினமும் முக்கால் மணித்தியாலம். வற்றல் அதில் ஒரு தொடக்கப் பாடம், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை பகலில் அதை மட்டும் கொடுத்து அனுப்பினால் பாஸ்போர்ட் படம் எடுத்ததையே வெளிநாட்டுப் பயணம் என்று சொன்ன மாதிரி.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2014ல் 47 பரிசோதனைகளை, ஏறக்குறைய 3,500 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் ஓரளவு குறைவு தெரிந்தது. ஆனால் உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. இந்த இரண்டாவது வசனத்தை ஆப் விற்கிறவர்கள் போடமாட்டார்கள். 2022ல் வந்த இன்னொரு ஆய்வில் பதற்ற நோய் உள்ள 276 பேரில் ஒரு பகுதிக்கு எஸிடலோப்ராம் மாத்திரை, மறு பகுதிக்கு அந்த எட்டு வார வகுப்பு. முடிவில் இரண்டு பகுதிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சுகம். நல்ல செய்திதான். ஆனால் அது முழு வகுப்பு, ஆசிரியரோடு. பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்கிற ஐந்து நிமிடக் குரல் அல்ல.

ஆகவே தங்கச்சி, இது பொழுதுபோக்கும் இல்லை, சர்வரோக நிவாரணியும் இல்லை.

லிஸ்ட் வருகிறது என்றீர்களே, அது பிழை இல்லை. மனதை வெறுமையாக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மனம் நம்ம டவுன் மான் மாதிரி. கோட்டையிலிருந்து இறங்கி வந்து கடை வாசலில் நிற்கும், விரட்டினால் அடுத்த கடை வாசலுக்குப் போகும். விரட்டாமல், "ஓ, லிஸ்ட் வந்திருக்கு" என்று கண்டுகொண்டு மூச்சுக்குத் திரும்பினால் போதும். அந்தத் திரும்புதல்தான் பயிற்சியே. நூறு தடவை போனால் நூறு தடவை திரும்புங்கள்.


கிண்ணியா_ராத்தா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி வேறு. இது பௌத்தத் தியானம் இல்லையா, நாம் செய்யலாமா என்பதுதான். இதை மூடி மறைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆம், இதன் வேர் விபாசனா என்ற பௌத்தத் தியானத்தில்தான் இருக்கிறது, கபட்-சின் அங்கே படித்துத்தான் வந்தார். ஆனால் ஆஸ்பத்திரி வகுப்பில் மந்திரமும் இல்லை, சிலையும் இல்லை, யாரையும் வணங்கச் சொல்வதும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, விரும்பினால் செய்யட்டும், விரும்பாவிட்டால் விடட்டும்.

நான் செய்வது இன்னும் சுருக்கம். தொழுகைக்கு வுழூச் செய்யும்போது தண்ணீர் முழங்கையில் படுவதைக் கவனிப்பேன். முன்பெல்லாம் கை கழுவும், மனம் குசினியில் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துக்கொண்டிருக்கும். தொழுகையில் மனம் ஒன்ற வேண்டும் என்பது எங்கள் மார்க்கத்தில் ஏற்கனவே உள்ளதுதான். புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை. கோவிலுக்குப் போகிறவர்களுக்கும் அவரவர் வழி இருக்கும்.

இன்னொன்று, கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுங்கள். 2009ல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் நாங்கள் பாதையில்தான், அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதவையில்தான், டவுனுக்கு வருவோம். பாதை அக்கரையில் நின்றால் காத்திருக்க வேண்டும். எரிச்சல்தான், வருத்தக்காரரை ஏற்றி வந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த நாளைத் திரும்பக் கேட்கவே மாட்டேன். ஆனாலும் அந்தக் காத்திருப்பில் சும்மா தண்ணியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இப்போது பஸ் பாலத்தைக் கடக்கிற நேரத்தில் ஒருவர்கூட வெளியே பார்ப்பதில்லை, எல்லார் தலையும் போனில். வெளிச்சவீட்டுத் தங்கச்சி, ஆப் கஷ்டமென்றால் பஸ் பயணத்தில் ஒரு துண்டை மட்டும் போன் இல்லாமல் வாங்க. காற்று முகத்தில் எங்கே படுகிறது, கை கம்பியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது, அவ்வளவும் போதும்.


மூதூரான்

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். எனக்கு நடந்தது வேறு.

2006 ஆகஸ்டில் யுத்தத்தால் மூதூரை விட்டுக் கந்தளாய்ப் பக்கம் நடந்த சனத்தில் நானும் ஒரு பெடியன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பிறகு, வேலைக்கு வந்த காலத்தில், ஒரு வகுப்பில் கண்ணை மூடி உடம்புக்குள் கவனத்தை வைக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் அமைதியாக இருந்தார்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது, காதுக்குள் சத்தம், கை விறைத்தது. எழும்பி வெளியே போய்விட்டேன். நடத்தியவர் பின்னால் வந்து, "எதிர்க்காதீங்க, அதோடயே இருங்க" என்றார். அதோடு இருந்துதானே வந்தேன் ஐயா.

இந்த மாவட்டத்தில் யுத்தமும் கண்டு சுனாமியும் கண்டவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லுமுன் கொஞ்சம் யோசியுங்கள்.


இரவு_டியூட்டி

மூதூரான் தம்பி சொன்னதை எல்லோரும் ஒருக்கால் திரும்ப வாசியுங்கள். பெரிய இழப்பையோ பயங்கரத்தையோ கண்டவர்களுக்கு, கண்ணை மூடி உள்ளே கவனத்தைத் திருப்பும்போது பழைய பயம் அப்படியே எழும்புவது உண்டு. பயிற்சி பெற்றவர் அந்த இடத்தில் "அதோடயே இருங்க" என்று சொல்லமாட்டார். நிறுத்தச் சொல்வார்.

அப்படிப்பட்டவர்கள் கண்ணைத் திறந்தபடியே, வெளியில் உள்ள ஒன்றில் கவனத்தை வைக்கலாம். பாதம் நிலத்தில் அழுத்துவது, கையில் உள்ள சூடான கோப்பை, கண்முன்னே தெரிகிற நிறங்கள், நடை. பயம் ஏறத் தொடங்கினால் விட்டுவிட்டு எழும்பி யாரோடாவது கதையுங்கள். தொடர்ந்து நித்திரை இல்லை, கெட்ட கனவு, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் என்று இருந்தால் அது தனியே உட்கார்ந்து மூச்சுக் கவனிக்கிற விஷயமே இல்லை. ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்க. 1926 தேசிய மனநல உதவி இலக்கம், இரவு பகல் எப்போதும் எடுக்கலாம். எடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.


ஓர்ஸ்ஹில்_வாத்தி

மூதூரான் தம்பி எழுதியது பாடசாலைக்கும் பொருந்தும். பிரித்தானியாவில் 85 பாடசாலைகளில் 8,000க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதை வகுப்போடு வகுப்பாகப் படிப்பித்துப் பார்த்தார்கள். 2022ல் முடிவு வந்தது. வழமையான பாடத்தைவிட எந்த மேலதிக நன்மையும் இல்லை, பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் செய்யவே இல்லை. ஏற்கனவே மனக்கஷ்டத்தில் இருந்த சில பிள்ளைகளுக்கு அது உகந்ததாக இருக்கவில்லை என்ற ஐயமும் வந்தது. நான் என் சாதாரண தர வகுப்பில் இதைக் கட்டாயமாக்கலாமா என்று யோசித்திருந்தேன். அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். கேட்கிற பிள்ளைக்கு மட்டும் சொல்லித் தருகிறேன். மற்றவர்களை இடைவேளையில் கிரவுண்டுக்கு விரட்டுகிறேன், அதற்கு ஆதாரம் நிறைய இருக்கிறது.


வெளிச்சவீடு (சாம்பல்தீவு)

எல்லோருக்கும் நன்றி. கனக்க வாசித்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஆப்பை அழித்துவிட்டேன். ராத்தா சொன்ன பஸ் பயணமும், அதோடு ஒரு சின்ன விஷயமும் மட்டும் வைத்துக்கொண்டேன். போன் அடித்தால் உடனே எடுப்பதில்லை. ஒரு மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டு எடுக்கிறேன். முதல் தடவை செய்தபோதுதான் கண்டேன், போன் அதிர்ந்த கணத்திலேயே என் இரண்டு தோளும் காது வரைக்கும் ஏறி நிற்கின்றன, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கடித்தபடி. இத்தனை காலமும் அப்படியேதான் கோல் கதைத்திருக்கிறேன் போல. பின்னேரத் தலையிடி எங்கிருந்து வந்ததென்று அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது.

அதைவிட முக்கியமான ஒன்று. தோள் அதிகம் ஏறுவது வாடிக்கையாளர் கோலுக்கு இல்லை. இரவில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும்போது வருகிற ஒபிஸ் வாட்ஸ்அப் குறூப் சத்தத்துக்கு. "இன்றைய வசூல் எவ்வளவு, யார் யார் டார்கெட் அடிக்கவில்லை" என்று பெயரோடு போடுவார்கள். அதைக் கவனித்த பிறகு மனேஜரிடம் போய்க் கேட்டேன். எட்டு மணிக்குப் பிறகு போட வேண்டாம், பெயர் போட வேண்டாம் என்று. முதலாவதுக்குச் சரி என்றார். இரண்டாவதுக்கு மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறாராம்.

பிரஷர் திரும்பப் பார்த்தார்கள், இந்த முறை ஐந்து நிமிடம் இருத்திவிட்டு. 138/88. டொக்டர் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்கிறார். கருவாட்டையும் குறைத்திருக்கிறேன், அம்மாவோடு சண்டை பிடித்துத்தான்.


கரைவலை (உப்புவெளி)

அக்கா, சந்தோசம். ஆனால் பாருங்கள், உங்களுக்கு உதவியது மூச்சு இல்லை. வாயைத் திறந்து மனேஜரிடம் கேட்டது.


கிண்ணியா_ராத்தா

தம்பி, எதைக் கேட்க வேண்டும் என்று அவவுக்கு எப்படித் தெரிந்தது? தோள் ஏறுவதைக் காணாமல் இருந்திருந்தால் வாடிக்கையாளர் மேல்தான் பழி போட்டிருப்பா, பிள்ளைகள் மேல்தான் எரிந்து விழுந்திருப்பா.


கரைவலை (உப்புவெளி)

சரி, அரைவாசி ஒத்துக்கொள்கிறேன். உள்ளே என்ன நடக்கிறதென்று பார்ப்பது நல்லதுதான். பார்த்துவிட்டு "எல்லாம் என் மனதில்தான் இருக்கு" என்று இருந்துவிடுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். எங்கள் மனேஜர் விரும்புவதும் அதைத்தான். நாங்கள் மூன்று பேரும் ஆள் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம், பார்ப்போம்.


இரவு_டியூட்டி

தங்கச்சி, 138/88 என்பது முதலில் பார்த்ததைவிட நல்லது. ஆனால் எது குறைத்தது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். சரியாகப் பார்த்ததால் குறைந்திருக்கலாம், உப்பால் குறைந்திருக்கலாம், எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். ஏலுமென்றால் வீட்டில் காலையும் பின்னேரமும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்க, டொக்டருக்கு அது பெரிய உதவி. இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏற்கனவே பிரஷர் மாத்திரை குடிக்கிறவர்கள் தியானம் தொடங்கியதற்காக நீங்களே நிறுத்திவிடாதீங்க. அப்படி நிறுத்திப் பக்கவாதத்தோடு வந்தவர்களை வார்ட்டில் பார்த்திருக்கிறேன்.


சீனக்குடாப்_பெடியன்

பிந்தி வந்திருக்கிறேன், மன்னிக்கவும். அம்மாவுக்கு முழங்கால் வலி, நிலத்தில் சம்மணம் போட்டு இருக்க ஏலாது. இரவில் நித்திரையும் குறைவு. அவவுக்கு ஏதும் செய்யலாமா?


கிண்ணியா_ராத்தா

தாராளமாகச் செய்யலாம் மகன். நிலத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, கதிரை போதும். இரவில் என்றால் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி, கால் பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு இடமாகக் கவனத்தை மெல்ல மேலே கொண்டுவரச் சொல்லுங்க. முழங்கால் வந்ததும் வலியைத் துரத்தப் பார்க்காமல், எந்த இடத்தில் கூட, எந்த இடத்தில் குறைவு என்று மட்டும் பார்க்கட்டும். தொடை வருமுன் நித்திரை வந்துவிட்டால் எழுப்ப வேண்டாம். முழங்காலை டொக்டரிடமும் காட்டுங்க.


சீனக்குடாப்_பெடியன்

நன்றி ராத்தா. குறட்டை விட்டால் வந்து சொல்கிறேன்.